பாம்பாடும் சோலையில் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் தாண்டி எங்க வட்டவடை ஊருக்கு வர்ற ரோடு பாம்பாடும் சோலைக்குள்ளதான் போகுது. மொத்தமே 1.32 சதுர கிலோமீட்டர். கேரளத்திலேயே சின்ன தேசியப் பூங்கா, 2003-ல் அறிவிச்சாங்க. வண்டியில போனா சட்டுனு முடிஞ்சிரும். வந்தவங்கள்ல பாதிப் பேர் சோலையைப் பார்க்காமலே கோவிலூர்ல பூண்டு வாங்கிட்டுத் திரும்பிடுறாங்க. எனக்கு அது பெரிய மனக்குறை.

நடுவுல வண்டியை நிறுத்த விடமாட்டாங்க. செக்போஸ்ட்லயே கேட்டு, வாட்சரோட (வனத்துறைக் காவலரோட) நடந்து போங்க. காலையில போறது நல்லது.

முதல்ல வழியில இருக்கிற கிராண்டிஸ் காட்டைப் பார்த்துக்கோங்க, அது ஒரு யூகலிப்டஸ் வகை. தேயிலை ஃபேக்டரி அடுப்புக்காக நட்ட ஆஸ்திரேலியா மரம். நெட்டையா, வரிசையா நிற்கும். பட்டை நாடா நாடாவா உரிஞ்சு கீழே கிடக்கும். மிதிச்சா மொறமொறன்னு சத்தம், தைல வாசம்.

அப்புறம் சோலை, அதாவது இந்த உயர மலைக்கே உரிய பழைய காடு. மரம் குட்டை, கிளையெல்லாம் முறுக்கு, உடம்பு முழுக்கப் பாசி. மேலேயே பார்த்துட்டு நடக்காதீங்க. ரோட்டோர மண்திட்டு முன்னாடி குனிஞ்சு பாருங்க. மண்ணு கறுப்பா இருக்கும், வேர்நுனியில தண்ணி சொட்டும். மழை நின்ன பிறகும் சொட்டும். எங்க பள்ளத்தாக்குத் தண்ணி பாம்பாறு வழியா உடுமலைப் பக்கம் அமராவதிக்குத்தான் இறங்குது. அந்தப் பக்கம் நெல்லு, கரும்பு போடுறவங்களுக்கும் இந்தச் சொட்டுல பங்கு உண்டு.

பேசாம நின்னா கருமந்தி தெரியும். கறுத்த உடம்பு, மஞ்சள் கழுத்து, நீள வாலோட கிளை தாவுற நீலகிரி மரநாய் கண்ணுல பட்டா பெரிய அதிர்ஷ்டம். காட்டுமாடு எதிர்ப்பட்டா வாட்சர் சொல்றதை அப்படியே கேளுங்க, போன் எடுக்க வேண்டாம். மழைக்காலத்துல அட்டை ஏறும், நீளக் காலுறை போடுங்க.

சோலை ஓரத்துல வாட்டில்ங்கிற வெளிநாட்டு மரக் கன்று முளைச்சிருந்தா வாட்சரைக் காட்டச் சொல்லுங்க. இலை மெல்லிசா, இறகு மாதிரி இருக்கும். அதோட விதை மண்ணுக்குள்ள பல வருஷம் உயிரோட கிடக்கும். தீ பட்டா செத்துப்போகாது, அந்தச் சூட்டுலதான் கூட்டமா முளைக்கும். சோலை மரம் அப்படி இல்லை, ஒருதடவை எரிஞ்சா லேசுல திரும்பி வராது. அதனால பிப்ரவரி, மார்ச்ல வர்றவங்க பீடி, சிகரெட், தீப்பெட்டி எல்லாத்தையும் வண்டியிலயே வெச்சுட்டு இறங்குங்க.