பெரியம்மாவின் பணத்தில் சீர் செய்யும் முன்

இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்த கையோடு, ஏற்கெனவே இங்கே குடியிருந்து வயதாகிவிட்ட பெரியம்மாவையோ சித்தப்பாவையோ பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் தலையில் விழுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் பவர் பத்திரம் கையில் இருந்தால் பணத்தை என்ன செய்தாய் என்று வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நினைப்போடு இங்கே கணக்கில் கை வைக்காதீர்கள்.

இங்கே அது லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி, எழுதிக் கொடுத்தவருக்கு நினைவு தப்பிய பிறகும் செல்லும் பவர் பத்திரம். அவர் தெளிவாக இருக்கும்போதே கையெழுத்துப் போட வேண்டும், இந்தப் பத்திரங்களைக் கண்காணிக்கும் அரசு அலுவலகமான பப்ளிக் கார்டியன் அலுவலகத்தில் பதிய வேண்டும், அப்புறம் வங்கியில் காட்ட வேண்டும். அதெல்லாம் படிவத்தைப் பார்த்தாலே புரியும். (ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு.)

சிக்கல் அன்பளிப்பில்தான். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. மறதி நோய் முற்றி என் பெயரே அவருக்கு நினைவில்லாமல் போன வருடம் அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது. அக்காவைத் தூக்கி வளர்த்தவர், நன்றாக இருந்திருந்தால் சும்மா இருந்திருப்பாரா என்று அவர் கணக்கிலிருந்து 9,000 பவுண்டு அனுப்பினேன். எனக்கென்று ஒரு பென்னி எடுக்கவில்லை. உறவில் ஒருவர் அந்த அலுவலகத்தில் புகார் கொடுத்தார். கணக்கை வரி வரியாகக் கேட்டார்கள். கடைசியில் பெரும்பகுதியை என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் திருப்பிக் கட்டினேன்.

தானே முடிவெடுக்க முடியாதவர்களுக்கான 2005ஆம் ஆண்டின் மென்ட்டல் கெப்பாசிட்டி சட்டம், 12ஆம் பிரிவு சொல்வது: பிறப்பு, கல்யாணம், பண்டிகை என வழக்கமாகப் பரிசு தரும் நேரத்தில், உறவினருக்கோ நெருங்கியவருக்கோ, பவர் எழுதிக் கொடுத்தவருடைய சொத்து அளவுக்கு நியாயமான தொகையை அவர் பணத்திலிருந்து தரலாம். அவர் உதவிவந்த தர்ம அமைப்புக்கும் அப்படியே. அதை மீறினால், இப்படிப்பட்டவர்களின் விவகாரங்களைப் பார்க்கும் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் புரொடெக்‌ஷன் அனுமதி முன்கூட்டியே வேண்டும். வட்டியில்லாமல் கடன் கொடுப்பதும் அவர் வீட்டை விலை குறைத்து விற்பதும்கூட அன்பளிப்புதான். என் விஷயத்தில் கல்யாணம் என்ற காரணம் சரியாக இருந்தது, தொகைதான் இடித்தது. சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருக்கும்வரை பராமரிப்பு இல்லத்துக்கு அவரே கட்ட வேண்டும். சீர் என்று நான் அனுப்பியது அவருடைய சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் உரிய பணம்.

விசாரணை நடக்கும்போது அலமாரியில் அவருடைய மொய் நோட்டு கிடைத்தது. நீல அட்டை, ஓரம் கிழிந்தது. கல்யாணம் ஒவ்வொன்றுக்கும் பெயர், தேதி, தொகை. பெரும்பாலும் 51, 101. அக்கா கல்யாணத்துக்குத்தான் அதிகம், 251. அவர் மனசு எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன், அவரோ எல்லாவற்றையும் எழுதியே வைத்திருந்தார். ஆகவே முதலில் பழைய நோட்டு, பழைய காசோலைப் புத்தகம் எல்லாவற்றையும் தேடுங்கள். அவரையும் கேளுங்கள், பெரிய கணக்கு புரியாதவருக்கும் பேத்திக்கு என்ன தரலாம் என்பது ஒரு நல்ல காலையில் புரியலாம், அதை அவரே முடிவு செய்ய சட்டம் இடம் தருகிறது.

போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு 51 பவுண்டு அனுப்பினேன். அதே நோட்டில், அவருடைய கடைசி வரிக்குக் கீழே தேதி போட்டு எழுதி, ரசீதையும் செருகி வைத்திருக்கிறேன்.