தப்பிய மீனெல்லாம் தாய்மீன் ஆகாது

குட்டையில் செவுள் அழுகல் வந்து பாதி மீன் செத்து மிதந்த பிறகு, மிச்சமிருப்பதைக் காட்டி "இதெல்லாம் கெட்டி மீனுங்க, இதையே சினைக்கு வெச்சுக்கலாம்" என்று சொல்லாத பண்ணைக்காரர் குறைவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாக்டீரியா நோயைத் தாங்கும் மீனை உருவாக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

ஒரு மீன் பிழைத்ததற்குக் காரணம் பல இருக்கலாம். தண்ணீர் விழும் வாய்க்கால் பக்கம் நின்றிருக்கும், அங்கே ஆக்சிஜன் அதிகம். கிருமி அதன்மேல் படாமலே போயிருக்கும். மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்து சமாளித்திருக்கும். பரம்பரையாக வந்த தாங்குதிறன் இந்தக் காரணங்களில் ஒன்று மட்டுமே. மீனைக் கையில் பிடித்துப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. இதைவிட மோசமான சாத்தியமும் உண்டு. மீன் நோயில் விழுந்து, தேறி, கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டே நீந்திக்கொண்டிருக்கலாம். குளிர்ந்த மலைநீரில் வளர்க்கும் டிரவுட் மீனைத் தாக்கும் குளிர்நீர் நோய்க்குக் காரணமான ஃபிளேவோபாக்டீரியம் சைக்ரோஃபைலம் என்ற பாக்டீரியா, தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே போய்விடக்கூடியது. முட்டையை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அயோடோஃபோர் என்ற அயோடின் கிருமிநாசினிக் கரைசலில் 10 நிமிடம் வைத்தால் ஓட்டின் மேல் இருக்கும் கிருமி சாகும். உள்ளே இருப்பது சாகாது. அப்படியொரு தாய்மீனைத் தேர்ந்தெடுத்தால் நோய் தாங்கும் குஞ்சு கிடைக்கிறதோ இல்லையோ, நோய் கிடைக்கும் ஆபத்து உண்டு.

சரி, பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? தனி மீனைப் பார்க்காமல் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். ஒரு தாய், ஒரு தந்தை, அவற்றின் குஞ்சுகள் ஒரு குடும்பம். இப்படி நிறையக் குடும்பங்களை உருவாக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் குஞ்சுகளை ஆய்வகத்துக்கு அனுப்பி, அளந்து வைத்த கிருமியை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கொடுத்து, எந்தக் குடும்பத்தில் எத்தனை பிழைக்கிறது என்று எண்ணுவார்கள். தாய்மீனாக வைப்பது சோதனைக்குப் போன குஞ்சுகளை அல்ல. சிறந்த குடும்பங்களில் கிருமியே படாமல் சுத்தமாக வளர்ந்த உடன்பிறப்புகளை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் லீடவுன் என்ற இடத்திலுள்ள அரசு ஆய்வு மையம், 2005 முதல் இந்த முறையில்தான் குளிர்நீர் நோயைத் தாங்கும் டிரவுட் வரிசையை உருவாக்கியது. மீனுக்கு மீன் தாங்குதிறனில் தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பரம்பரையால் வருவது என்று அங்கே கணக்கிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால் பலன் தெரிய இது தாராளம். ஒரே தலைமுறையில் அதிசயத்தை எதிர்பார்க்க இது போதாது.

சோதனையிலும் சறுக்கல்கள் உண்டு. கிருமியின் அளவைக் கூட்டி 95 சதவீதம் மீன் செத்தாலும், குறைத்து 95 சதவீதம் பிழைத்தாலும் ஒரே கதைதான்: வகுப்பே ஃபெயிலாகும் அல்லது வகுப்பே பாஸாகும் பரீட்சையில் கெட்டிக்காரன் யாரென்று தெரியாது. பாதிக்குப் பாதி சாகும் அளவில்தான் குடும்பங்களுக்கு இடையிலான வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஊசி போட்டுச் சோதிப்பது கையாளச் சுலபம், முடிவும் சீராக வரும். ஆனால் தோலும் அதன்மேலுள்ள வழவழப்பும் செவுளும் செய்யும் காவலை ஊசி தாண்டிப் போய்விடுகிறது. கிருமி கலந்த தண்ணீரில் விட்டுச் சோதிப்பது பண்ணையில் நடப்பதற்கு நெருக்கமானது. தண்ணீரின் வெப்பமும் முக்கியம். குளிர்நீர் நோய் பெரும்பாலும் 16 டிகிரிக்குக் கீழேதான் வேலையைக் காட்டும். தோலையும் செவுளையும் அரிக்கும் காலம்னாரிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா நோய்க்கு வெதுவெதுப்பான நீர் வேண்டும். அதனால் ஊட்டிக்கு வேண்டிய மீனைச் சமவெளி ஆய்வகத்தின் குழாய்த் தண்ணீரில் அப்படியே சோதித்தால், வேறொரு கேள்விக்குத்தான் பதில் வரும். ஒரு கிருமியைத் தாங்கும் குடும்பம் எல்லாக் கிருமியையும் தாங்கும் என்று எழுதிக்கொள்வதும் தவறு. நோய்க்கு நோய் கணக்கு வேறு.

அதிகம் பேசப்படாத ஒரு தவறு தொட்டி. குஞ்சுகள் சின்னதாக இருக்கும்போது குடும்பத்துக்கொரு தொட்டி என்று வளர்ப்பார்கள். ஒன்று வெயில் பக்கம், ஒன்று குழாய் வாய் பக்கம், ஒன்றில் நெருக்கம் அதிகம். கடைசியில் 'நல்ல குடும்பம்' என்று நாம் பாராட்டுவது நல்ல தொட்டியையே. ஒவ்வொரு குடும்பத்தையும் குறைந்தது இரண்டு தொட்டிகளில் பிரித்து வையுங்கள். குறி போடும் அளவுக்கு வளர்ந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து விடுங்கள். வசதி இருந்தால் துடுப்பின் நுனியை வெட்டி டிஎன்ஏ மூலம் பெற்றோரைக் கண்டுகொள்ளலாம்.

அடுத்தது, மலைக்காரர்கள் தனியாகக் கவலைப்பட வேண்டியது. நீலகிரியில் அவலாஞ்சி டிரவுட் பொரிப்பகத்தை எச். சி. வில்சன் அமைத்தது 1907-ல். கண்ணாடிக் கெண்டை இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்தது 1939-ல். இரண்டுமே கொஞ்சம் மீனைத் தூக்கி வந்து பெருக்கிய கதை. இப்படிப்பட்ட இருப்பில் தாய்மீனை இன்னும் குறைத்தால் சொந்தத்துக்குள்ளேயே கலந்து குஞ்சுகள் நலிந்துபோகும். கணக்கைப் பாருங்கள். 40 பெண் மீனுக்கு 2 ஆண் மீனின் விந்தைப் பயன்படுத்தினால், பார்வைக்கு 42 மீன். மரபுக் கணக்கில் அது 8 மீனுக்குக்கூடச் சமமில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் உட்கலப்பு ஆறு சதவீதத்துக்கு மேல் ஏறும். அதே வேலையை 20 பெண், 20 ஆண் என்று செய்தால் மொத்தம் இரண்டு மீன் குறைவு, ஆனால் உட்கலப்பு 1.25 சதவீதம்தான். ஆண் மீன் தனியாகச் செலவு வைப்பதில்லை, அதில் ஏன் சிக்கனம் பிடிக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பல ஆண்களின் விந்தை ஒரே கிண்ணத்தில் கலந்து ஊற்றுவதும் தீர்வாகாது. வேகமான ஒன்றிரண்டு ஆண்களே பெரும்பாலான முட்டைகளைக் கருவுறச் செய்துவிடும். எது யாருடைய குஞ்சு என்ற பதிவும் போய்விடும்.

வேகமாக வளரும் மீனே நோயையும் தாங்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. புவனேஸ்வரத்திலுள்ள நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நார்வே உதவியுடன் 1992-ல் தொடங்கி உருவாக்கிய ஜெயந்தி ரோகு, தலைமுறைக்குச் சுமார் 17 சதவீதம் வளர்ச்சியில் முன்னேறியது. நல்ல சாதனைதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தது வளர்ச்சிக்காக. ஏரோமோனாஸ் கிருமியைத் தாங்கும் தன்மையைப் பிறகு தனியாக எடுத்துத்தான் வேலை செய்தார்கள். "மேம்படுத்திய ரகம்" என்று கேட்டதும் எதற்காக மேம்படுத்தியது என்று கேட்டுவிடுங்கள். அப்புறம், ரோகு வெதுவெதுப்பான நீரில் வாழும் மீன். உறைபனி விழும் ஊட்டிக் குட்டையில் விட்டால், குளிரில் சோர்ந்து இரை எடுக்காமல் கிடக்கும்போது சாதாரணக் கிருமியே அதைச் சாய்த்துவிடும். அதற்கு விதையை, அதாவது வாங்கிவிட்ட குஞ்சை, குறை சொல்லிப் பயனில்லை.

குட்டையில் நோய் வந்த உடனே எல்லா மீனுக்கும் ஆன்டிபயாடிக் கலந்த தீனி போட்டுவிட்டு, பிறகு பிழைத்ததைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. மருந்து காப்பாற்றிய மீனுக்கும் உடம்பு காப்பாற்றிய மீனுக்கும் அதன்பின் வித்தியாசம் தெரியாது. குளோராம்பெனிகால், நைட்ரோஃப்யூரான் போன்றவை நம் நாட்டில் மீன் வளர்ப்புக்குத் தடை செய்யப்பட்டவை, கடையில் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

கிருமி கொடுத்துச் சோதிக்கும் வேலையைப் பண்ணையில் செய்யவே கூடாது. மலையில் எல்லாத் தண்ணீரும் கீழே போகிறது. குந்தா பக்கத்து ஓடையில் விட்டது பவானியில் சேரும். வழியில் உள்ள மீனுக்கெல்லாம் நீங்கள் நோயை அனுப்பியதாகும். கழிவுநீரைக் கிருமிநீக்கம் செய்து வெளியேற்றும் மூடிய ஆய்வகத்தில்தான் அது நடக்க வேண்டும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தையோ மாவட்ட மீன்வளத் துறையையோ கேட்டால் எங்கே, எப்படி என்று வழி சொல்வார்கள்.

கோத்தகிரியிலோ கொடைக்கானல் மேல்மலையிலோ இரண்டு மூன்று குட்டை வைத்திருப்பவர் இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் முடியாது. அவரால் முடிந்தது வேறு, பயனும் அதிகம். குஞ்சு வாங்கிய இடம், தேதி, எண்ணிக்கை, எந்தக் குட்டையில் விட்டது, காலை மாலை நீரின் வெப்பம், செத்த மீன் எத்தனை, எந்த வாரம், மேலே கேரட் தோட்டத்தில் மருந்து அடித்த நாள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு இடத்துக் குஞ்சுகளை வாங்கினால் ஆளுக்கொரு குட்டை என்று விடாமல், இரண்டிலும் பாதிப் பாதி விட்டு, ஒரு பக்கத்துக் குஞ்சுக்குக் கொழுப்புத் துடுப்பிலோ இடுப்புத் துடுப்பிலோ சின்ன வெட்டு அடையாளம் வையுங்கள். கெண்டைக்குக் கொழுப்புத் துடுப்பு கிடையாது, டிரவுட்டுக்கு உண்டு. அடுத்த முறை நோய் வரும்போது எந்தப் பக்கத்துக் குஞ்சு அதிகம் செத்தது என்று எண்ணிச் சொல்ல முடியும். விதை கொடுத்த பொரிப்பகத்துக்கு அந்தக் கணக்கைக் கொடுங்கள், அடுத்த தலைமுறைத் தாய்மீனைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு உதவும்.