ஐயா பூசின சுவத்துல நான் பண்ண தப்பு

எங்க ஐயா, அப்பாவோட அப்பா, காரைக்குடி பக்கம் சுண்ணாம்பு பூச்சு கொத்தனார். முட்ட வெள்ளக்கரு சேத்து அவரு தேச்ச சுவத்துல முகம் பாக்கலாம், சும்மா சொல்லல. அவரு போனப்புறம் எங்க வீட்டு ரெண்டாங்கட்டு (முன்கட்டுக்கு அடுத்த உள்பகுதி) சுவரு அடில லேசா பொரிஞ்சு வந்துச்சு, நானும் அவசரப்பட்டு சிமெண்ட் பூசவிட்டேன். ஐப்பசி மழை முடிஞ்சதும் சிமெண்ட்டுக்கு மேல ஒரு முழத்துக்கு உப்பு பூத்து பொலபொலன்னு கொட்டுது! தரை ஈரம் சுண்ணாம்பு வழியா வெளிய போயிரும், சிமெண்ட் அத அடச்சிருச்சு, அப்ப அது மேலதான ஏறும். ஐயா இருந்திருந்தா கரண்டியாலயே போட்டிருப்பாரு.

அப்பத்தாகிட்ட கேட்டுக் கேட்டுதான் சரி பண்ணேன். சிமெண்ட் முழுக்க கொத்தி எடுத்துட்டு மாசி வரைக்கும் காய விட்டேன், உப்ப தண்ணி ஊத்தி கழுவாம பிரஷ்ஷாலயே தட்டி எடுத்தேன், கழுவுனா திரும்ப உள்ள போயிரும். நீத்துன (தண்ணி விட்டு வெந்து உதிர வச்ச) சுண்ணாம்ப தண்ணிக்குள்ள 15 நாள் ஊறப் போட்டு, 1 பங்குக்கு 3 பங்கு சலிச்ச மணல், தண்ணிக்கு பதிலா கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின சாறு. சுவர நல்லா நனச்சு மெல்லிசா ரெண்டு தடவ பூசி, ஈரச்சாக்கு கட்டி வச்சேன். மொத நாளே முழு கனமும் அப்பிறாதீங்க, வெடிச்சிரும்.

ரெண்டு மழை தாண்டிருச்சு, உப்பு வரல. வழவழப்பு மட்டும் ஐயா பூசின பக்கத்துக்கு கிட்டகூட வரல, அப்பத்தா தடவிப் பாத்துட்டு "பரவால்ல"ன்னு சொன்னாங்க, அம்புட்டுதான்.