சாமி கும்பிடாதவருக்கு எது புனிதம்? அவர் இருக்கும்போதே தெரிந்துகொள்வது எப்படி

எங்கள் அப்பா பனையேறி. ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் புதுக்கடைப் பக்கம். கோயிலுக்கும் போனதில்லை, அம்மாவோடு சர்ச்சுக்கும் போனதில்லை. 78 வயதில் அவர் இறந்த அன்று, வந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் கேட்டது, "சாமியே இல்லைன்னவருக்கு என்ன செய்யப் போறீங்க?" என்றுதான். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. சாமி இல்லாதவருக்கும் புனிதம் உண்டு. கோயிலில் என்றால் முறை தெரிந்த பூசாரி இருப்பார், சர்ச்சில் போதகர் இருப்பார். இவர்களுக்கு அப்படிச் சொல்லித்தர ஆள் கிடையாது. வீட்டில் இருக்கும் நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் செய்ததையும் செய்யத் தவறியதையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, நேராகக் கேட்காதீர்கள். நான் கேட்டிருக்கிறேன். "அப்படி ஒண்ணும் கிடையாது மக்களே" என்று முடித்துவிட்டார். புனிதம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவு ஆணை போடும்வரை அப்பாவின் தாத்தாவைச் சுசீந்திரம் கோயிலுக்குள் விடாமல் நிறுத்தியது அந்தச் சொல்தான். அதனால் பேச்சை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். எதைத் தொடும் முன் கை கழுவுகிறார்? எதைத் தாண்ட விடமாட்டார்? எந்தப் பேச்சு வந்தால் குரல் தாழ்கிறது? எதைக் கேலி பேசினால் எழுந்து போய்விடுகிறார்? எவ்வளவு கொடுத்தாலும் எதை விற்கமாட்டார்? ஒரு வருடம் கவனித்தாலே பட்டியல் தானாக வந்துவிடும்.

அப்பாவிடம் அது பாளை அரிவாள், பனம்பாளை சீவுகிற அரிவாள். பனையேற்றத்தை நிறுத்திப் பதினைந்து வருடம் ஆன பிறகும் வாரம் ஒருமுறை மரப்பலகையில் கல்பொடி தூவித் தீட்டுவார். பாளையைத் தாள் கனத்துக்குச் சீவினால்தான் அக்கானி, அதாவது பதநீர், ஊறும். அரிவாள் மழுங்கினால் பாளை கெட்டுப்போகும், அந்த மரம் அந்தப் பருவத்துக்கு அவ்வளவுதான். அதனால் வீட்டில் ஓர் உள்ளியைக்கூட அந்த அரிவாளால் நறுக்கக் கூடாது. ஆறேழு வயதில் அந்த அரிவாளை வைக்கும் அருவாப்பெட்டியை நான் தாண்டிக் குதித்தேன். அவர் அடிக்கவில்லை. குதித்த இடத்துக்கே திரும்பி வரச் சொல்லி, பெட்டியைச் சுற்றிப் போக வைத்தார். "நாப்பது அடி உசரத்துல எனக்குத் துணை இது ஒண்ணுதான் மக்களே" என்றார். வேறு எதற்கும் அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

பொருளைப் பார்த்துவிட்டால் அடுத்து நாளையும் இடத்தையும் பாருங்கள். அப்பாவுக்கு ஆகஸ்ட் 11. 1954இல் அன்றுதான், இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்கள்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்பாவுக்கு அப்போது 9 வயது. 1956 நவம்பர் 1இல் மாவட்டம் சேர்ந்துவிட்டது, ஆனால் குண்டடிபட்டுச் செத்தவர்களை அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் தியாகிகள் நினைவிடத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். கும்பிடமாட்டார், பூவும் வைக்கமாட்டார். கையைத் தொங்கவிட்டபடி கொஞ்ச நேரம் நிற்பார், அவ்வளவுதான். அய்யா வைகுண்டரின் பதி இருக்கும் சாமித்தோப்புக்கும் ஒருமுறை எங்களைக் கூட்டிப்போனார். அங்கே சிலை கிடையாது, நிலைக்கண்ணாடிதான். நம் முகத்தையே நாம் பார்க்க வேண்டும். ஒடுக்கப்பட்டு, குனிந்தே நின்ற ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரச் சொன்னவர் அய்யா வைகுண்டர். அப்பா அதற்கப்புறம் அய்யாவழிக்காரர் ஆகிவிடவில்லை. ஆனால் அன்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

சொல்லையும் கவனியுங்கள். ஒரு வரப்பு வழக்கில் அப்பா சாட்சிக்கூண்டில் ஏறினார். கடவுள் பெயரில் சத்தியம் செய்ய விருப்பமில்லாதவர் உளமார உறுதி கூறலாம் என்று 1969ஆம் ஆண்டின் சட்டத்தில் இருக்கிறது. அப்பா அப்படித்தான் உறுதி கூறினார். பிறகு சொன்ன சாட்சி, சொந்த அண்ணனுக்கு எதிராகப் போனது. பெரியப்பா இரண்டு வருடம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அப்பாவுக்கு அது பெரிய வேதனைதான். ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று ஒருநாள்கூட வாய்விட்டதில்லை.

சரி, தெரிந்துகொண்டாயிற்று. இனி எழுதி வைக்க வேண்டும். உடல்தானம், கண்தானம் என்று அவர் விரும்பினால் இது இன்னும் முக்கியம். எங்கள் மாவட்டத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எந்தக் கல்லூரியானாலும் உடற்கூறியல் துறையில் விவரம் கேட்டு, சாட்சிக் கையெழுத்தோடு விருப்பப் படிவத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பிரேதப் பரிசோதனை ஆன உடலையும், சில தொற்றுநோய்கள் இருந்த உடலையும் எடுக்கமாட்டார்கள். கண் கொடுத்த பிறகும் உடலைக் கொடுக்கலாம். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது இது ஒன்றும் நினைவுக்கு வராது. கண் வங்கியின் எண்ணோடு சேர்த்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். படிவத்தில் கையெழுத்து இருந்தாலும், உடலை ஒப்படைக்க வேண்டியது குடும்பம்தான். ஒரு மாமா எதிர்த்து நின்றால் போதும், எல்லாம் நின்றுபோகும். அதனால் அவரே தன் வாயால் எல்லோரிடமும் சொல்லட்டும். அப்பா ஒரு கிறிஸ்துமஸ் மத்தியானம், சாப்பாடு முடிந்த கையோடு சொன்னார்.

நான் தவறியது இங்கேதான். உடலைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அரிவாளைப் பற்றி எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பா இறந்த மறுநாள் சாய்ப்பை, வீட்டை ஒட்டிய கொட்டகையை, ஒதுங்கவைத்த உறவுக்காரப் பையன், பழைய இரும்போடு அதையும் பழைய சாமான் வாங்கும் ஆக்கர்காரரிடம் போட்டுவிட்டான். அவன்மேல் குற்றமில்லை, அவனுக்குத் தெரியாது. நான் ஓடிப்போய்க் குவியலைக் கிளறி அரிவாளை எடுத்துவிட்டேன். அருவாப்பெட்டியை உடைத்து எரித்திருந்தார்கள். இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை. பொருள் எது, எங்கே இருக்கிறது, ஏன் தொடக்கூடாது என்பதைக் குறைந்தது மூன்று பேரிடமாவது சொல்லி வையுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் புனிதத்தையும் தள்ளிவிடக் கூடாது. அப்பாவின் உடலை எடுத்துப்போக ஆம்புலன்ஸ் வரும் முன், ஜெபிக்க வேண்டும் என்றார் அம்மா. அக்கா தடுக்கப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன். சாயங்காலம் அம்மா ஜெபம் பண்ண உட்கார்ந்தால், அப்பா வெளியே போய் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திண்ணையில் உட்காருவார். நாற்பது வருடமாக அப்படித்தான். அன்றைக்கு நாங்களும் திண்ணையில் போய் உட்கார்ந்தோம்.

பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு, அதாவது காரியத்துக்கு, என்ன செய்வது என்று கேட்பார்கள். சாப்பாடு போடுங்கள், அதில் ஒரு குறையும் வைக்காதீர்கள். சடங்கு நடக்க வேண்டிய நேரத்தில், அவரோடு வேலை பார்த்தவர்களைப் பேசச் சொல்லுங்கள். மேடை, மைக் வேண்டாம். புகழ்ச்சியும் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பெரியப்பாதான் முதலில் எழுந்தார். அந்த வரப்பு வழக்கைச் சொன்னார்.

அப்புறம் அந்தப் பொருள். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். அரிவாள் துருப்பிடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். பக்கத்து ஊரில் ஒரு பையன் பனையேறப் பழகுகிறான். வருகிற பாளைப் பருவத்தில் அவனிடம் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம். அதற்குள் தீட்டுவது எப்படி என்று நானும் பழகிக்கொண்டிருக்கிறேன். கல்பொடியை எவ்வளவு தூவ வேண்டும் என்பதுதான் இன்னும் கைக்கு வரவில்லை.