வட்டாரச் சொல்லகராதி தொகுக்கத் தொடங்குபவர்களுக்கு

ஒரு வட்டாரத்தார் தங்களைத் தனித்துவமானவர்களாக உணர்வதில் எழுத்தாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. மேடைப்பேச்சு பெருமை பேசும். சொல்லகராதி அதற்குச் சான்று தரும்.

எல்லையை முதலிலேயே வரைந்துவிடாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். மாவட்ட எல்லையை வைத்துக்கொண்டு தொடங்கினால், அப்பாலும் வழங்கும் சொல்லை ‘எங்களுக்கே உரியது’ என்று எழுத நேரும். ஒவ்வொரு சொல்லும் தனக்கென ஓர் எல்லை வைத்திருக்கும். இரண்டு சொற்களின் எல்லைகள் முழுக்கப் பொருந்துவது அரிது. நடுப்பகுதியில் பத்து ஊர், விளிம்பில் ஐந்து, அண்டை வட்டாரத்தில் ஐந்து என்று எடுங்கள். அண்டை ஊரில் விசாரிக்காமல் எந்தச் சொல்லுக்கும் உரிமை கொண்டாடக் கூடாது.

ஊருக்கு மூன்று பேராவது வேண்டும். வயதும் தொழிலும் வேறுபடட்டும், பெண்கள் கட்டாயம். ஹரால்டு ஆர்ட்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை இங்கிலாந்தில் 313 இடங்களில் நடந்த கிளைமொழி ஆய்வு, பெரும்பாலும் நாட்டுப்புற முதியவர்களை, அதிலும் ஆண்களையே கேட்டது. உழவுச் சொற்கள் நிறையக் கிடைத்தன. பெண்கள் பேச்சும் இளையோர் பேச்சும் போதிய அளவு சேரவில்லை.

சொல்லைச் சொல்லிக் கேட்காதீர்கள். ‘இப்படிச் சொல்வீர்களா?’ என்றால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். பொருளைக் காட்டி ‘இதற்கு என்ன பேர்?’ என்று கேளுங்கள். செயலென்றால் செய்து காட்டுங்கள். வெளியாளிடம் தொடக்கத்தில் பேசுவது பெரும்பாலும் திருத்திய நடை. இரண்டு பேர் தங்களுக்குள் பேச ஆரம்பித்ததும் உண்மைச் சொற்கள் தாமாக வரும். ஒலிப்பதிவை நிறுத்திவிடாதீர்கள்.

கேட்டபடியே எழுதுவது இந்த வேலையின் உயிர். பிரான்சில் 1897 முதல் 1901 வரை 639 இடங்களில் சொல் சேகரித்த எட்மண்ட் எட்மோன் மொழியியலாளர் அல்லர், மளிகை வியாபாரி. கூர்மையான செவிக்காகவே, அந்த ஆய்வை வழிநடத்திய மொழியியலாளர் ஜில்லியேரோன் அவரைத் தேர்ந்தெடுத்தார்.

ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை: ஒலிப்பு, பொருள், பேச்சில் வந்த முழு வாக்கியம், ஊர், நாள், சொன்னவரின் வயது, தொழில். வாக்கியம் இல்லாத அட்டை பாதி வீண். பிறகு பொருளில் ஐயம் வந்தால் தீர்க்க வழியிருக்காது. இரண்டு ஊர்களில் மூன்று பேரிடம் உறுதியாகாத சொல்லைத் தள்ளாமல், ‘ஒருவர் வழக்கு’ என்று குறியுங்கள். வசைச்சொல், இழிசொல், பிறமொழிச்சொல் எதையும் ‘தூய்மை’ கருதி நீக்காதீர்கள். நீக்கினால் அது தொகுப்பாளர் விரும்பிய வட்டாரமே தவிர, மக்கள் வாழும் வட்டாரம் அல்ல. இழிசொல்லுக்கு அருகில் அதன் தன்மையைக் குறித்தால் போதும்.

அச்சுக்கு முன் மெய்ப்பை அந்தந்த ஊருக்கே எடுத்துச்சென்று உரக்க வாசித்துக் காட்டுங்கள். ‘நாங்க அப்படிச் சொல்ல மாட்டோம்’ என்று அவர்கள் திருத்தும் இடங்களையெல்லாம் அட்டையில் ஏற்றிய பிறகே நூல் அச்சகத்துக்குப் போகலாம்.