எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் வேலைக்குத் திரும்புவது: தண்ணீர்க் கணக்கும் டிபன் பாக்ஸும்

ஸ்லீவோ (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) பைபாஸோ (இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேரே இணைப்பது) செய்துகொண்டவர்கள் லீவு கணக்குப் போடும்போது வயிற்றில் போட்ட துளைகளைத்தான் நினைக்கிறார்கள். லேப்ராஸ்கோபியில் போடும் நாலைந்து துளைகள் பத்து நாளில் வெளியே ஆறிவிடும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த திங்கட்கிழமையே ஆபீஸ் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் வேலைக்குப் போன முதல் வாரத்தில் பலரைப் படுக்க வைப்பது தண்ணீர்ப் பற்றாக்குறை. இந்த ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவதற்கான முக்கியக் காரணங்களில் உடலில் நீர் வற்றுவதும் ஒன்று. வீட்டில் யாராவது மணிக்கொரு தடவை டம்ளரை நீட்டுவார்கள். ஆபீஸில் நீட்ட ஆளில்லை. அதனால் இங்கே பாதிக்கு மேல் தண்ணீரும் சாப்பாடும்தான். உங்கள் சர்ஜனோ டயட்டீஷியனோ இதில் எதையாவது மாற்றிச் சொல்லியிருந்தால் அவர்கள் சொன்னதையே கேளுங்கள். உங்கள் வயிற்றைப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

எப்போது போகலாம்

சிக்கல் எதுவும் இல்லையென்றால், உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 2 முதல் 3 வாரம். ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், வரவேற்பு மேஜை என்று நின்றோ நடந்தோ செய்யும் வேலைக்கு 3 முதல் 4 வாரம். மூட்டை தூக்குவது, நோயாளியைப் புரட்டுவது, கிடங்கு வேலை, சமையல்கூடத்தில் அண்டா இறக்குவது போன்றவற்றுக்கு 6 வாரம். தோல் ஆறினாலும் அதன் அடியில் இருக்கும் தசை உறை பலம் பெற ஆறு வாரமாவது வேண்டும். ஸ்லீவில் வயிற்றின் சுமார் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி ஒரு துளை வழியாகத்தான் வெளியே எடுக்கிறார்கள், அந்தத் துளை மற்றவற்றைவிடப் பெரியது. ஆறு வாரத்துக்குள் கனம் தூக்கினால் அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம். 5 கிலோ வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரம்பிய குடம், 20 லிட்டர் கேன், இடுப்பில் ஏறத் துடிக்கும் குழந்தை எல்லாமே அந்த வரம்பைத் தாண்டியவை.

இன்னொரு காரணம் சோர்வு. முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு உள்ளே போவது 500 முதல் 800 கலோரிதான். மதியம் 3 மணிக்கு விளக்கை அணைத்தது போல உடம்பு சாய்ந்துவிடும். அதனால் முதல் நாளைத் திங்கட்கிழமையில் வைக்காதீர்கள். புதன் அல்லது வியாழன் சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் ஓய்வு வந்துவிடும். அரை நாள் வேலையோ வீட்டிலிருந்து வேலையோ கேட்க முடிந்தால் முதல் வாரத்துக்கு மட்டும் கேளுங்கள், பெரும்பாலும் அது போதும்.

லீவுக் காகிதம்

எந்த ஆபரேஷன் என்று மேலதிகாரியிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ‘வயிற்றில் லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சை’ என்பது முழு உண்மை, அதுவே போதும். ஆனால் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டில் ‘வேலைக்குத் தகுதியானவர்’ என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே சர்ஜனிடம் நான்கு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: குறிப்பிட்ட தேதி வரை 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, மணிக்கொரு முறை எழுந்து நடக்கவும் தண்ணீர் குடிக்கவும் அனுமதி வேண்டும், உட்கார இருக்கை வேண்டும், இத்தனை வாரம் இரவு ஷிஃப்ட் கூடாது. வாயால் கேட்டால் சலுகை போலத் தெரிவது, காகிதத்தில் இருந்தால் மருத்துவ உத்தரவாகிவிடும்.

தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்குப் பங்களிப்பு நாட்கள் சரியாக இருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர். கேட்கச் சுலபமாக இருக்கும், கணக்குப் போட்டால்தான் நெருக்கடி புரியும். காலை 6 முதல் இரவு 10 வரை 16 மணி நேரம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் வரையிலும் கூடாது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி என்றால் ஒவ்வொரு வேளையும் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். ஐந்து வேளைக்கு ஐந்து மணி போக மிச்சம் 11 மணி. 1500 மில்லியை 11-ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 136 மில்லி. அதாவது 13 நிமிடத்துக்கு ஒரு முறை 30 மில்லி. இரண்டு மணி நேர மீட்டிங்கில் தொண்டையை நனைக்காமல் இருந்துவிட்டால், அந்த 270 மில்லியை அப்புறம் ஒரே மடக்கில் ஈடுகட்ட முடியாது. முன்பிருந்த வயிறு ஒரு செம்புத் தண்ணீரை வாங்கிக்கொண்டது, இது வாங்காது.

அரை லிட்டர் பாட்டில் ஒன்றில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் மணியை எழுதுங்கள். 9 மணிக்கு நிரப்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் காலி, அதன் பிறகு இன்னொன்று. மிச்ச அரை லிட்டர் காலையிலும் இரவிலும் வீட்டில். 30 மில்லி எவ்வளவு என்று கை பழக, இருமல் மருந்தோடு வரும் 15 மில்லி மூடியால் இரண்டு மூடி அளந்து முதல் இரண்டு நாள் குடித்துப் பாருங்கள்.

அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தூக்கி ஊற்றும்போது தண்ணீரோடு காற்றும் இறங்கும், வாய்க்கு வரும் அளவும் கையில் நிற்காது. சிறுத்த வயிற்றில் அந்தக் காற்று நெஞ்சை அடைக்கும் வலியாக மாறும். பாட்டில் உங்களுக்கே உரியது, வாய் வைத்தே உறிஞ்சுங்கள்.

மோரில் கொஞ்சம் உப்புப் போட்டது, வடிகட்டிய ரசம், காய்கறி சூப், தெளிந்த எலுமிச்சை நீர் எல்லாம் தண்ணீர்க் கணக்கில் சேரும். சோடா வகைகள் வேண்டாம். ரோஸ்மில்க், கரும்புச்சாறு, பாக்கெட் ஜூஸ் ஆகியவையும் வேண்டாம். முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்குச் சர்க்கரை குடலில் சட்டென்று இறங்கினால் அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு வரும். இதை டம்பிங் என்பார்கள். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவதும் உண்டு. காபி, டீயை முதல் மாதம் தள்ளி வைப்பது நல்லது.

ஆபீஸ் கழிப்பறை சரியில்லை என்று தண்ணீரைக் குறைக்கும் பெண்கள் ஏராளம். இந்த மாதங்களில் அது ஆபத்து. வேலை நேரத்தில் இரண்டு மூன்று முறையாவது சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போக வேண்டும். அடர்மஞ்சளானாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ கணக்கில் பின்தங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

டிபன் பாக்ஸ்

மூன்றாவது வாரத்தில் வேலைக்குப் போனால் நீங்கள் மசித்த உணவுக் கட்டத்தில் இருப்பீர்கள். ஒரு வேளைக்கு 60 முதல் 100 மில்லி, அதாவது அரை டம்ளர். அதற்குள் நாளொன்றுக்கு 60 கிராம் புரதம் சேர வேண்டும். இங்கேதான் நம் வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. பருப்புத் தண்ணீரைப் புரதம் என்று நம்பிக் கொடுக்கிறார்கள். பருப்பின் சத்து அடியில் இருக்கும் பருப்பில்தான், மேலே நிற்கும் தெளிவில் அநேகமாக ஒன்றுமில்லை. கஞ்சியும் அப்படித்தான்: வயிற்றை நிரப்பும், தசையைக் காப்பாற்றாது.

கணக்குக்கு: ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 கிராம், 50 கிராம் பனீரில் 9 கிராம், 30 கிராம் பாசிப்பருப்பில் 7 கிராம், வேகவைத்த மீன் 50 கிராமில் 10 கிராம். வே (பாலிலிருந்து பிரித்தெடுத்த) புரோட்டீன் பவுடர் ஒரு ஸ்கூப்பில் பொதுவாக 20 கிராமுக்கு மேல். முதல் இரண்டு மாதம் பவுடர் இல்லாமல் 60-ஐத் தொடுவது கஷ்டம்.

மதிய டப்பாவுக்கு ஒரு வழி. 30 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உப்பும் சிட்டிகை சீரகமும் சேர்த்துக் கெட்டியாகக் கடையுங்கள். சூடு ஆறி விரல் பொறுக்கும் பதத்துக்கு வந்த பிறகு வாசனை சேர்க்காத புரோட்டீன் பவுடர் அரை ஸ்கூப்பைச் சிறிது தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் திரிந்து கட்டி தட்டிவிடும். அரை டம்ளரில் 17 கிராம் கிடைக்கும். முட்டையை ரசம் விட்டு மசித்ததும், முள் எடுத்த மீனை மசித்ததும் இதே இடத்துக்குப் பொருந்தும். ஆனால் ஆபீஸில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் முட்டையையும் மீனையும் மதியம் வரை வெளியே வைக்காதீர்கள். கெட்டுப்போன சாப்பாட்டால் வரும் வாந்தியை இப்போதைய உடம்பு தாங்காது. கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிய ஃபிளாஸ்கில், சூடாக அடைத்த பருப்பு பாதுகாப்பானது. பவுடரைத் தனியாக எடுத்துப்போய் சாப்பிடும்போது கலந்துகொள்ளுங்கள்.

கையால் சாப்பிட்டால் பழைய கவளத்தின் அளவுதான் வரும். குழந்தைக்கு ஊட்டும் சின்ன ஸ்பூனை டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். ஒரு ஸ்பூன், பிறகு ஸ்பூனைக் கீழே வைத்து ஒரு நிமிடம், அப்புறம் அடுத்தது. அரை மணி ஆகும். நிறைந்ததைச் சொல்லும் அறிகுறியும் மாறியிருக்கும்: சிலருக்கு மூக்கு ஒழுகும், சிலருக்கு ஒரு விக்கல், சிலருக்கு நெஞ்சுக்குழியில் லேசான அழுத்தம். அது வந்த பிறகு ஒரு ஸ்பூன் கூட வேண்டாம்.

ஆறாவது வாரத்துக்குப் பிறகு கெட்டி உணவு தொடங்கும்போது இட்லியைவிடப் பரோட்டா, சப்பாத்தி, பிரெட், ஒட்டும் சாதம் ஆகியவையே அதிகம் தொல்லை தரும். பிசைந்த மாவு போலத் திரண்டு சிக்கிக்கொள்ளும். நெஞ்சின் நடுவில் கல் வைத்தது போல வலி, வாயில் ஓயாமல் நுரை எச்சில் என்று தெரிந்தால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள், எச்சிலைத் துப்புங்கள். தண்ணீர் விட்டுத் தள்ளலாம் என்று மட்டும் முயலாதீர்கள், அடைத்த குழாயில் ஊற்றுவதுதான் அது. அடைப்பு விட்டதும் அன்று முழுக்கத் திரவ உணவு. சில மணி நேரத்தில் அடைப்பு விடாமல் எச்சிலைக்கூட விழுங்க முடியாவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள்.

‘ஒரு வாய்தான், எடுத்துக்குங்க’ என்று கேக்கும் லட்டும் வரும். ‘வயித்துல ஆபரேஷன், டாக்டர் அளவு சொல்லியிருக்கார், வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்’ என்று ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொண்டால் தினமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

வீட்டிலேயே ஓர் ஒத்திகை

சேர்வதற்கு முன் இரண்டு நாள், ஆபீஸ் நேரப்படியே வீட்டில் நடத்துங்கள். அலாரம், குளியல், அதே பாட்டில், அதே டப்பாக்கள், நாற்காலியில் உட்கார்ந்து வேலை, மணிக்கு ஐந்து நிமிட நடை, மதியம் படுக்காமல் இருப்பது. மாலை 6 மணிக்கு ஒன்றரை லிட்டரில் ஒரு லிட்டரும் 60 கிராமில் 40 கிராமும் முடிந்திருந்தால் போகலாம். முடியவில்லையென்றால் ஆபீஸில் நிச்சயம் முடியாது, சேரும் தேதியை ஒரு வாரம் தள்ளுங்கள்.

போய்வருவது

ஸ்கூட்டர் ஓட்டுவதைவிட அதை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவதுதான் வயிற்றைப் பிடித்து இழுக்கும். சைடு ஸ்டாண்ட் மட்டும் போடுங்கள், கிக்கரை உதைக்காதீர்கள், கூட்டத்தில் யாரையாவது வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள். வலி மாத்திரைகளில் தூக்கம் தரும் வகை ஓடிக்கொண்டிருக்கும் வரை எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை ஓங்கி மிதித்துப் பாருங்கள், வயிற்றில் சுரீர் என்றால் இன்னும் நேரமிருக்கிறது. காரில் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே மடித்த துண்டு ஒன்று. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கும் நெரிசல் நேரத்தைத் தவிருங்கள்.

மாத்திரை வேளைகள்

கால்சியத்தையும் இரும்புச்சத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தை ஒரே தடவையில் 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டாலும் வீண்தான், அதனால்தான் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத் தருகிறார்கள். அதில் ஒரு வேளை ஆபீஸில்தான் விழும், போனில் அலாரம் வையுங்கள். இரும்பு மாத்திரையோடு டீ, காபி கூடாது.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் முன்பு போட்ட அதே அளவு இப்போது அதிகமாகிவிடலாம். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு வேலை நடுவில் கை நடுக்கம், வியர்வை வந்தால் உடனே சர்க்கரை பாருங்கள். அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

தலைவலி, முதுகுவலி என்று ஆபீஸ் முதலுதவிப் பெட்டியிலிருந்து டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எடுத்துப் போடாதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பு இடத்திலேயே புண் வரும். பாராசிட்டமால் போடலாம்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்

உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டுவது, 101 டிகிரி காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி ஆகியவை தையல் இடத்தில் கசிவு இருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டு இருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல் என்றால் அந்த ரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம், ஆம்புலன்ஸ்தான், 108. இவற்றில் எதையும் ‘கேஸ் ட்ரபிள்’ என்று சொல்லிப் பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். கசிவு வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்தும் தெரியவரலாம்.

ஒரு நாளுக்கு மேல் வாந்தி நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள், வாந்தி நாள்கணக்கில் நீண்டால் தயமின் என்ற பி1 சத்து தீர்ந்துபோகலாம். அந்த நிலையில் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது என்று மூளையைத் தாக்கும். சோர்வாக வந்தவருக்கு முதலில் குளூக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். தயமின் கொடுக்காமல் குளூக்கோஸ் ஏற்றினால் இந்தப் பாதிப்பு இன்னும் மோசமாகும். ‘எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆனவர், முதலில் தயமின் கொடுங்கள்’ என்று ஒரு சீட்டில் எழுதி, ஆபரேஷன் தேதியும் சர்ஜனின் எண்ணும் சேர்த்து அடையாள அட்டை உறைக்குள் வையுங்கள். பக்கத்து மேஜைக்காரர் ஒருவருக்காவது அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

மூன்றாவது மாதம் முடி கொட்டத் தொடங்கினால் பயப்பட வேண்டாம், எடை வேகமாக இறங்கும்போது அப்படித்தான் ஆகும், சில மாதத்தில் திரும்ப வளரும். ரத்தப் பரிசோதனைக்கு 3, 6, 12-ஆம் மாதங்களில் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேரும் நாளிலேயே அந்த மூன்று தேதிகளுக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.