வார்டுல மருந்துக்கு அடங்காத கிருமி பரவாம பாத்துக்கறது எப்படி? நோயாளி வீட்டுக்காரங்களுக்கு

சிங்கப்பூர் ஆஸ்பத்திரி வார்டுல ரொம்ப வருஷம் மிஸ்ஸியா, அதாவது நர்ஸா, வேல பாத்தவ நான், அதனால தெரிஞ்சத கொஞ்சம் விரிவாவே சொல்றேன், வீட்ல யாராவது அட்மிட் ஆகியிருந்தா நிதானமா படிங்க.

அட்மிட் ஆனதும் மூக்குல, அக்குள்ல, தொடை இடுக்குல பஞ்சுக் குச்சி வச்சு தொடச்சு எடுப்பாங்க, செல பேருக்கு ஆசனவாய்லயும் எடுப்பாங்க. "எங்கம்மாவுக்கு முட்டி வலி, அங்க எதுக்கு டெஸ்ட்டு"ன்னு நிறைய பேர் சங்கடப்படுவாங்க. மொத மூணு எடத்துல எடுக்கறது எம்ஆர்எஸ்ஏங்கற கிருமி இருக்கான்னு பாக்க, ஆசனவாய்ல எடுக்கறது சிபிஈங்கற கிருமி குடல்ல தங்கியிருக்கான்னு பாக்க. ரெண்டுமே முக்கியமான ஆன்டிபயாட்டிக்குங்களுக்கு மசியாத வகை. காய்ச்சல் வலி ஒண்ணுமே இல்லாம ஒருத்தர் உடம்புல இதுங்க மாசக்கணக்கா இருக்கலாம், ஆள பாத்து யாராலயும் சொல்ல முடியாது, அதனால டெஸ்ட்ட மறுக்காதீங்க. வெளிநாட்டு ஆஸ்பத்திரில படுத்திருந்தீங்களான்னு கேட்டா மறைக்காம சொல்லுங்க, சென்னைல கண் ஆபரேஷன் பண்ணதோ ஜோகூர்ல அட்மிட் ஆனதோ எதுவா இருந்தாலும் சரி. அது குத்தம் கண்டுபிடிக்க கேக்கற கேள்வி இல்ல.

மருந்துக்கு மசியாத இந்த எதிர்ப்பு எங்கேர்ந்து வருதுன்னு புரிஞ்சாத்தான் கீழ சொல்ற காரியங்கள மனசார செய்வீங்க. ஈ.கோலை மாதிரி பாக்டீரியா தோதான எடம் கெடச்சா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெண்டா பிரியும், அப்படி பிரியறப்போ மரபணுல சின்ன சின்ன மாத்தம் வரும், அதுல ஏதோ ஒண்ணுக்கு மருந்த தாங்கற சக்தி வந்துடும். ஆன்டிபயாட்டிக் போனதும் மத்ததெல்லாம் செத்துடும், இது மட்டும் நின்னு காலி எடத்த பூரா புடிச்சிக்கும். மெத்திசிலின் மருந்து 1959ல வந்துச்சு, 1961லயே இங்கிலாந்துல அதுக்கு அடங்காத கிருமிய, அதான் எம்ஆர்எஸ்ஏவ, கண்டுபிடிச்சிட்டாங்க, ரெண்டே வருஷம்.

இத விட எனக்கு கவலையா இருக்கறது இன்னொரு வழி. பாக்டீரியாக்குள்ள பிளாஸ்மிட்னு வட்டமா ஒரு டிஎன்ஏ துண்டு இருக்கும், எதிர்ப்பு மரபணு பெரும்பாலும் அதுலதான் உக்காந்திருக்கும். ரெண்டு பாக்டீரியா ஒட்டி நிக்கறப்போ ஒண்ணு அத நகலெடுத்து இன்னொண்ணுக்கு குடுத்துடும், பக்கத்து வீட்டு அக்கா மீன் கொழம்பு பக்குவத்த எழுதிக் குடுத்தாலும் அவங்ககிட்டயும் அது இருக்கற மாதிரி, குடுத்த பாக்டீரியாவுக்கு ஒரு நட்டமும் இல்ல. ஒரே இனமா இருக்கணும்னு கூட கெடையாது. 2008ல ஸ்வீடன்ல ஒரு நோயாளிகிட்ட என்டிஎம்-1ங்கற எதிர்ப்பு மரபணுவ கண்டுபிடிச்சாங்க, அவர் அதுக்கு முன்னாடி டெல்லில ஆஸ்பத்திரில இருந்தவர். கிளெப்சியெல்லாங்கற இன்னொரு இன பாக்டீரியால இருந்த அதே மரபணு அவரோட மலத்துல இருந்த ஈ.கோலைலயும் இருந்துச்சு. பல வகை ஆன்டிபயாட்டிக் ஓடற, நோய் எதிர்ப்பு கொறஞ்ச பல பேர் பக்கம் பக்கமா படுத்திருக்கற எடம் ஆஸ்பத்திரி, இதுங்களுக்கு அதவிட வசதியான எடம் கெடைக்காது.

ஒரு ஆள்கிட்டேர்ந்து இன்னொரு ஆளுக்கு இது போறதுக்கு முக்கியமான வாகனம் கை. டாக்டர் கை, மிஸ்ஸி கை, நம்ம கை, எல்லாம்தான். கட்டில் கம்பி, கூப்பிடற பட்டன், திரைச்சீலை, சாப்பாட்டு மேசை, அப்புறம் நாம ஓயாம தொடற ஃபோன், இதுங்க மேல செல கிருமிங்க நாள்கணக்குல உயிரோட இருக்கும். அதனால வார்டுக்குள்ள நுழையறப்போ, நோயாளிய தொடறதுக்கு முன்னாடி, தொட்ட பிறகு, கட்டில சுத்தி இருக்கற பொருள தொட்ட பிறகு, கெளம்பறப்போன்னு ஒவ்வொரு தடவையும் கட்டில் பக்கத்துல இருக்கற ஆல்கஹால் போட்டு தேய்ங்க. 20லேர்ந்து 30 வினாடி தேய்க்கணும், வெரல் நுனி, கட்டை வெரல், வெரல் இடுக்கு இதுங்கதான் பெரும்பாலும் விட்டுப் போகும், காயற வரைக்கும் தேய்ங்க, துணில தொடைக்காதீங்க. மோதிரத்தயும் வளையலயும் வீட்லயே கழட்டி வச்சிட்டு வந்தா இன்னும் நல்லது. நோயாளிக்கு வயித்தால போகுதுன்னா மட்டும் ஆல்கஹால நம்பாதீங்க, வயித்தால போக வைக்கற சி. டிஃபிசில்ங்கற கிருமியோட வித்து (கெட்டி ஓட்டுக்குள்ள தூங்கற அதோட வடிவம்) ஆல்கஹாலுக்கு சாகாது, சோப்பும் தண்ணியும் போட்டுத்தான் கழுவணும்.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு நல்ல மனசு உண்டு, பக்கத்து கட்டில்ல தனியா படுத்திருக்கற பாட்டிக்கும் ரெண்டு வாய் கஞ்சி ஊட்டிட்டு, போர்வைய சரி பண்ணிட்டு வருவாங்க. அந்த மனசு மாறவே வேணாம், ஆனா அந்த கட்டிலுக்கும் இந்த கட்டிலுக்கும் நடுவுல கைய சுத்தம் பண்ணிக்குங்க, ஊட்டறதுக்கு முன்னாடி மிஸ்ஸிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க. விபூதி பூசறதா இருந்தாலும் முன்னாடியும் பின்னாடியும் கை சுத்தம், காயத்துக்கிட்டயும் டிரிப் ஊசிக்கிட்டயும் பூசாதீங்க. கட்டில் மேல உக்காராதீங்க, நாற்காலி கேட்டா குடுப்பாங்க.

நிறைய பேருக்கு தெரியாத ஒரு விஷயம் சொல்றேன், கை கழுவற சிங்க்ல மிச்சமான மைலோ, தேத்தண்ணி, சூப்பு எதயும் ஊத்தாதீங்க. சிங்க்குக்கு கீழ வளைஞ்ச குழாய்ல எப்பவும் தண்ணி நிக்கும், அங்க கிருமிங்க வழவழன்னு ஒரு படலமா ஒட்டிக்கிட்டு வாழும், நாம ஊத்தற சர்க்கரையும் பாலும் அதுங்களுக்கு தீனி. அமெரிக்காவுல வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல 2017ல இத சோதிச்சு பாத்தாங்க, தீனி கெடச்ச பாக்டீரியா குழாய்ல ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1 இன்ச்சு மேல ஏறி ஒரு வாரத்துல சல்லடை வரைக்கும் வந்துடுச்சு, அப்புறம் குழாய திறந்தா தெறிக்கற தண்ணியோட வெளில வந்துச்சு. வேற வேற இனம் ஒட்டி வாழற அந்த படலத்துல பிளாஸ்மிட் கைமாறுறதும் சுலபம். அதனால மிச்சம் மீதிய எங்க கொட்டறதுன்னு மிஸ்ஸிகிட்ட கேளுங்க, சிங்க் ஓரத்துல பல்லு பிரஷ்ஷு, டம்ளர் எதயும் வைக்காதீங்க.

மூத்திர டியூப், கழுத்து ரத்தக் குழாய்ல போடற லைன், டிரிப் இதெல்லாம் கிருமி உள்ள போற வாசல். டியூப்போட நுனில தொங்கற பிளாஸ்டிக் பைய தரைல படற மாதிரி விடாதீங்க, நோயாளியோட அடிவயித்துக்கு மேல தூக்கவும் கூடாது, மூத்திரம் உள்ளயே திரும்பிப் போகும். தினமும் ரவுண்ட்ஸ் வர்றப்போ "டாக்டர், இந்த டியூப் இன்னும் வேணுமா"ன்னு மரியாதையா ஒரு கேள்வி கேளுங்க, நல்ல டாக்டர் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

கிருமி இருக்குன்னு ரிசல்ட் வந்தா தனி ரூமுக்கோ அதே கிருமி உள்ளவங்க இருக்கற பகுதிக்கோ மாத்துவாங்க, உள்ள வர்றவங்க கவுனும் கிளவுஸும் போடுவாங்க. ஒதுக்கி வச்சிட்டாங்கன்னு பெரியவங்க அழறத நான் பாத்திருக்கேன், தயவு செஞ்சு அவங்களுக்கு பொறுமையா எடுத்து சொல்லுங்க, வர்றத நிறுத்திடாதீங்க. கிளவுஸ் போட்டா கை சுத்தம் வேணாம்னு மட்டும் நெனைக்காதீங்க, கழட்டறப்போ கைல ஒட்டும், கழட்டினதும் தேய்க்கணும். எம்ஆர்எஸ்ஏன்னா மூக்குக்கு களிம்பும் குளிக்க கிருமிநாசினி சோப்பும் குடுக்கலாம். குடல்ல இருக்கற சிபிஈய அப்படி கழுவி எடுக்க வழி கெடையாது, நோவு இல்லாதப்போ ஆன்டிபயாட்டிக் குடுத்து விரட்டவும் மாட்டாங்க.

மருந்து விஷயத்துக்கு வர்றேன். "இன்னும் ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுங்க"ன்னு டாக்டர நெருக்காதீங்க. மொதல்ல பல கிருமிய தாக்கற மருந்து ஆரம்பிப்பாங்க, ரெண்டு மூணு நாள்ல கல்ச்சர் (கிருமிய லேப்ல வளத்து பாக்கற டெஸ்ட்டு) ரிசல்ட் வந்ததும் அந்த கிருமிய மட்டும் குறி வைக்கற மருந்துக்கு மாத்துவாங்க, அது காசு மிச்சம் புடிக்க இல்ல, குடல்ல இருக்கற நல்ல கிருமிங்கள காப்பாத்தத்தான். இங்க சிங்கப்பூர் பொது ஆஸ்பத்திரிகள்ல டாக்டரும் பார்மசிஸ்ட்டும் சேர்ந்து இதையே கவனிக்கற டீம் இருக்கு, 2017ல அரசாங்கம் போட்ட தேசிய செயல்திட்டத்துலயும் இது ஒரு பகுதி. என்ன மருந்து, எதுக்கு, எத்தன நாளுன்னு கேட்டு எழுதி வச்சிக்குங்க, அந்த நாளுக்கு முன்னாடி நீங்களா நிறுத்தாதீங்க, அதுக்கு மேல நீங்களா நீட்டாதீங்க. சளிக்கும் ஃப்ளூவுக்கும் காரணம் வைரஸ், ஆன்டிபயாட்டிக் அதுக்கு ஒண்ணும் செய்யாது. ஊருக்கு போனப்போ வாங்கிட்டு வந்த அட்டைய டிராயர்ல வச்சிக்கிட்டு தும்மல் வந்தா ரெண்டு போடறது ரொம்ப தப்பு. கொறஞ்ச அளவு மருந்து கிருமிக்கு தாங்கற சக்தி குடுத்துடும்னு பெனிசிலின கண்டுபிடிச்ச ஃபிளெமிங்கே 1945ல நோபல் உரைல எச்சரிச்சிருக்கார்.

வீட்டுக்கு வந்த பிறகு பயப்படாம இருங்க, கட்டிப் புடிக்கலாம், சேந்து சாப்பிடலாம். டவல் தனியா இருக்கட்டும், டாய்லட்டுக்கு போயிட்டு சோப்பு போட்டு கழுவட்டும், சமைக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கழுவுங்க, டயப்பர் மாத்தற பணிப்பெண்ணுக்கு இதெல்லாம் அவங்களுக்கு புரியற பாஷைல செஞ்சு காட்டுங்க. டிஸ்சார்ஜ் பேப்பர ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சிக்கிட்டு, அடுத்து பாலிகிளினிக்கோ டயாலிசிஸ் சென்டரோ நர்சிங் ஹோமோ எங்க போனாலும், அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே கவுன்டர்ல காட்டிடுங்க.